ஆறு ரிவெட்டும் ஒரு ‘டிக்’கும்

ஏகாம்பரம் எங்கள் வீட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்திருந்தார். காதில் ஸ்டெதஸ்கோப். அதன் மறுமுனை, காலால் மிதித்து வாசிக்கும் என் பேஸ் டிரம்மின் வயிற்றில் இருந்தது. ஒரு கையை உயர்த்தி, "மாஸ்டர், மெதுவா ஒரு மிதி மிதிங்க" என்றார். மிதித்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

காப்பி டம்ளர்களோடு வந்த என் மனைவி கஸ்தூரி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா, எத்தினி மாசமாம்?" என்றாள்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவர் சிரிப்பதில்லை. "உள்ளார ஒரு ஸ்பிரிங் ஆடிக்கினு கீது அண்ணி. மூணாவது திருகாண்ட. அது பிரச்சினை இல்ல, பஞ்சு வெச்சா அடங்கிரும். இன்னொண்ணு கீது. டிக், டிக்குன்னு. அது எங்க கீதுன்னுதான் தெர்ல."

"எனக்கு ஒரு டிக்கும் கேக்கல" என்றேன்.

"உங்களுக்குக் கேக்குதா அண்ணி?"

"மூணு வருஷமா கேக்குது" என்று சொல்லிவிட்டுக் கஸ்தூரி சமையலறைக்குப் போய்விட்டாள். என்னைப் பற்றி அவள் சொல்லும் நூறு குத்தல்களில் இதுவும் ஒன்று என்று நினைத்து நான் காப்பியை ஆற்றத் தொடங்கினேன்.

மேசையில் ஏகாம்பரம் கொண்டுவந்த முறுக்குப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. முறுக்கை நான் தொடுவதில்லை. காரணத்தை இப்போதே சொன்னால் கதை கெட்டுவிடும்.

சத்தம் பிடிக்கிறவர்

ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென்னலூரில் எங்களுக்கு அடுத்த வீடு. அவருடைய அப்பா நெல் போட்ட நிலத்தில் இப்போது ஏதோ ஒரு கம்பெனியின் லாரிகள் நிற்கின்றன. அவருக்கு வேலை ஒரகடத்தில், ஒரு கார் கம்பெனியில்.

என்ன வேலை என்று கேட்டால், "பின்சீட்ல குந்திக்கினு இருப்பேன்" என்பார். உண்மைதான். கார் தயாரானதும் அதைக் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் ஒரு சாலையில் ஓட்டிப் பார்ப்பார்கள். குண்டும் குழியுமாக, வேண்டுமென்றே கெடுத்துப் போட்ட சாலை. ஊரெல்லாம் நல்ல ரோடு கேட்டு மனு கொடுத்துக்கொண்டிருக்க, இவர்கள் செலவு செய்து கெட்ட ரோடு போட்டிருக்கிறார்கள். அதில் கார் குதிக்கும்போது பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்து, கதவுக்குள் ஒரு கிளிப் முனகினால்கூடக் கண்டுபிடிப்பதுதான் ஏகாம்பரத்தின் வேலை. அந்த வேலையில் அவருக்கு இருபது வருஷ சர்வீஸ்.

சத்தம் பிடிபட்டதும் ஒரு தாள் எழுதுவார். இடம், காரணம், செய்தது, கையெழுத்து. நாலே வரி. ஒருமுறை ஒரு சூப்பர்வைசர், வண்டி அவசரமாகப் போக வேண்டும், சத்தம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடு என்றாராம். இவர் மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு கூட இருந்தவர்கள் எல்லாரும் ஆபீஸ் அறைக்குள் நாற்காலி பிடித்துவிட்டார்கள். இவர் மட்டும் இன்னும் பின்சீட்டிலேயே குதித்துக்கொண்டிருக்கிறார்.

"பொய் ரிப்போர்ட்ல என் கையெழுத்து வுழாது மாஸ்டர்" என்பார். இதைக் குறைந்தது நாற்பது தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் பக்கத்து வீட்டில் இருப்பதில் வசதியும் உண்டு, பேஜாரும் உண்டு. எங்கள் வீட்டுக் கணபதி ஹோமத்தில், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்டூலைப் போட்டு ஏறி மின்விசிறியின் கிறீச்சை நிறுத்தியவர் அவர். ஐயர் ஒரு நிமிஷம் மந்திரத்தை மறந்துவிட்டார்.

கேசட்டில் பெய்த மழை

அந்த ஆடி மாதத்தில் எனக்கு ஒரு ரெக்கார்டிங் வந்திருந்தது. பல வருஷம் கழித்து வந்த ரெக்கார்டிங். இசையமைப்பாளர் நிவேதிதா என்ற பெண். என் மகள் வயதுதான் இருக்கும். போனில் பேசினாள்.

"சார், உங்க ட்ரூப்போட பழைய கேசட் ஒண்ணு அப்பா வச்சிருந்தார். அதுல ஒரு பாட்டு முடியறப்ப ஒரு சிம்பல் வருது. மழை விட்டதுக்கப்புறம் தகரக் கூரையில சொட்டற மாதிரி. அது எப்படி சார் பண்ணீங்க? கம்ப்யூட்டர்ல எவ்வளவோ பாத்துட்டேன், வரல."

"அந்த சிம்பல் என்கிட்டதான் இருக்கு" என்றேன். அப்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டதாகக் கஸ்தூரி சொன்னாள். உயர்ந்திருக்கும். எத்தனை வருஷம் கழித்து ஒருவர் என்னை, என் சாமானோடு சேர்த்துக் கேட்கிறார்!

அந்த சிம்பல் பிறந்த கதை வேறு. நான் கச்சேரிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்த காலம். மழைப்பாட்டு ஒன்றுக்குச் சலசலவென்று இழுக்கிற சத்தம் வேண்டும் என்றார் எங்கள் குழுத் தலைவர். சிம்பல் என்கிற வெண்கலத் தட்டின் ஓரத்தில் துளை போட்டு, அதில் ரிவெட்டுகளை இறுக்காமல் தொளதொளவென்று விட்டால் அடிக்கும்போது அவை குதித்துக் குதித்து அப்படிச் சத்தம் தரும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். சைக்கிளில் வந்து பாத்திரங்களுக்கு ஓட்டை அடைக்கும் ஒருவரைப் பிடித்தேன். ஆறு துளை போடச் சொன்னேன்.

அவர் சிம்பலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓட்டை எங்க கீது?" என்றார்.

"ஓட்டை இல்லை. நீங்கதான் போடணும்."

"நல்லா கீற தட்டுல ஓட்டையா?" என்று கேட்டுவிட்டு, சைக்கிளில் ஏறப் போய்விட்டார். கையைப் பிடித்து, கெஞ்சி, டீ வாங்கிக் கொடுத்து ஆறு துளையும் போட வைத்தேன். ஒவ்வொரு துளைக்கும் உச்சுக் கொட்டினார். போகும்போது கஸ்தூரியிடம், "இவுரு ஒடம்பு நல்லா கீதாம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

சரி, நிவேதிதாவுக்கு வருகிறேன். உயரமான கூரையுள்ள இடத்தில் ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. சுங்குவார்சத்திரத்தில் ஒரு மண்டபம் காலியாகக் கிடந்தது. அதைச் சொன்னேன். காலையில் கம்பெனி பஸ்கள் ஓய்ந்த பிறகு ஆரம்பித்து, பன்னிரண்டு மணிக்கு அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கி பாட ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். அவளுக்கும் அந்த ஒருநாள்தான் இருந்தது. "அன்னிக்கு சரியா வரலைன்னா கம்ப்யூட்டர் சத்தத்தையே வச்சுப்பேன் சார், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

எனக்குப் பத்து நாள் இருந்தது. பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கினேன். அடியில் கம்பிச்சுருள் ஓடும் ஸ்னேர் டிரம்கள் மூன்று. ஒன்றில் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. இரும்பு ஸ்னேரை அடித்தால் மண்டபத்தில் காது கிழியும் என்பதால் மரத்தில் செய்ததைத் தேர்ந்தெடுத்தேன். வளையங்களின் துருவை மண்ணெண்ணெயும் இரும்புநாரும் போட்டுத் தேய்த்து எடுத்தேன். தோல்களை மாற்றினேன். பிளாஸ்டிக்தான், ஆனாலும் நாங்கள் தோல் என்றுதான் சொல்வோம். டாம் என்கிற சின்ன டிரம் ஒன்றின் விளிம்பு பிளந்திருந்தது. மரப்பசை வைத்து, இரண்டு நாள் அம்மிக்கல்லின் கீழே நசுக்கி வைத்தேன். சிம்பல்களைப் பளபளப்பாக்கவே இல்லை. சோப்புத் தண்ணீரில் துடைத்ததோடு சரி. அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுத்தால் சத்தம் புதுப் பாத்திரம் மாதிரி ஆகிவிடும்.

சுதி சேர்க்கும்போது எங்கெங்கோ கிணுகிணுவென்றது. அதற்காகத்தான் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். அவர் நாலு இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நான் தனியாகத் தேடியிருந்தால் நாலு மாதம் ஆகியிருக்கும். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ‘டிக்’ அவரை விடவில்லை. நான் எந்த டிரம்மை அடித்தாலும் கேட்கிறது என்றார். "உங்க காதுக்கு வயசாகுது ஏகாம்பரம்" என்று நான் கிண்டல் செய்ததும் மனிதர் முகம் சுண்டிவிட்டது.

சலூனில் இருந்த ஒரு மணி நேரம்

ரெக்கார்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால் தலைக்குச் சாயம் போட சலூனுக்குப் போனேன். ஒலிப்பதிவில் தலைமுடி தெரியாது என்று கஸ்தூரி சொன்னாள். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா? அவள் கூழ் ஊற்றுகிற வேலையாகக் கோயிலுக்குப் போனாள். ஏகாம்பரத்துக்கு அன்று வார லீவு. வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, "அந்த டிக்கைப் பிடிக்க முடிஞ்சா பிடிங்க பாக்கலாம்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனேன். வாய் சும்மா இருந்தால்தானே.

திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் ஒரே பூரிப்பு.

"மாஸ்டர், டிக் போச்சு! எல்லாத்தையும் ஒரு மணி நேரமா அடிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணு கூட இல்ல."

"எங்க இருந்துச்சு?"

"அந்த கறுப்பு தட்டுலதான். ரிவெட்டு ஆறும் தொளதொளன்னு ஆடிக்கினு இருந்துச்சு. எவனோ வேலை தெரியாதவன் அடிச்சது. சுத்தியால தட்டி ஆறையும் ஷோக்கா டைட் பண்ணிட்டேன்."

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். குச்சியால் சிம்பலைத் தட்டினேன். ‘டங்’ என்றது. சோற்றுப் பானை மூடி கீழே விழுந்த சத்தம். மழையும் இல்லை, சொட்டும் இல்லை.

அதற்குப் பிறகு நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. வீட்டில் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டிருந்த சாயம் தலையில் வழிந்துகொண்டிருந்ததால் பார்க்க இன்னும் பயங்கரமாக இருந்திருப்பேன். "சத்தத்தைக் கொல்ற எமன்யா நீ! உன்னைப் போய் டிரம்மாண்ட விட்டேன் பாரு!" என்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கோயிலிலிருந்து வந்த கஸ்தூரி விஷயத்தைக் கேட்டாள். "சாவியக் குடுத்தது யாரு?" என்றாள். "புடின்னு சொன்னது யாரு?" என்றாள். நான் சிம்பலைத் துணியில் சுற்றி வைத்தேன்.

ஒரு பஸ் டிக்கெட் கனம்

மறுநாள் ஷிப்ட் முடிந்து கம்பெனி யூனிபாரத்தோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார் ஏகாம்பரம். கையில் ஒரு சின்னப் பொட்டலம். புதிதாக ஆறு பித்தளை ரிவெட்டுகள். ஒரகடத்தில் யாரோ ஒரு லேத் பட்டறைக்காரரிடம் கடைந்து வாங்கியிருந்தார்.

"எத்தினி லூஸ் வேணும் மாஸ்டர்?" என்றார். முந்தின நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அடித்திருக்கிறேன், அளந்தது கிடையாது. "ஆடணும். ஆனா கழண்டு போகக் கூடாது" என்றேன்.

"இருவது வருஷமா லூஸ டைட் பண்ணிக்கினு கீறேன். லூஸ் பண்ணச் சொல்லி யாரும் கேட்டதில்ல" என்று முணுமுணுத்தபடி பழைய ரிவெட்டுகளை அரத்தால் ராவித் தள்ளினார். முதல் ரிவெட்டைப் போட்டார். கை தானாகவே இறுக்கிவிட்டது. எடுத்தார். மறுபடி போட்டார். மறுபடி இறுக்கிவிட்டது. நெற்றியில் வியர்வை. கடைசியில் ரிவெட்டின் தலைக்கு அடியில் ஏதாவது மெல்லிசாக வைத்துத் தட்டிவிட்டு, பிறகு உருவிக்கொள்ளலாம் என்றார். கஸ்தூரியின் பர்ஸிலிருந்து காஞ்சிபுரம் போய் வந்த பஸ் டிக்கெட் ஒன்று கிடைத்தது. ஒரு மடிப்பு போதவில்லை. நாலாக மடித்ததும் சரியாக வந்தது.

ஆறாவது ரிவெட்டும் முடிந்தது. தட்டினேன்.

தகரக் கூரையில் மழை விட்டுச் சொட்டியது. பழைய சத்தத்தைவிட ஒரு பிடி அதிகமாகவே நீண்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை. ஏகாம்பரம் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு என்னையே உற்றுப் பார்த்தார்.

"இன்னா?" என்றேன்.

"அந்த டிக்கு... திரும்ப வந்துட்ச்சு மாஸ்டர்."

"யோவ், வூட்டுக்குப் போய்யா" என்றேன்.

பன்னிரண்டு மணிக்குள்

மண்டபத்தில் மணப்பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் மேடையில் டிரம்ஸைப் பரப்பினோம். ஏகாம்பரம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. நிவேதிதாவும் அவளுடைய ஒலிப்பதிவாளரும் சாப்பாட்டுக் கூடத்தில் கருவிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முதல் தடவை வாசித்ததுமே நிவேதிதா ஓடி வந்தாள். "சார், இதேதான்! அப்பாவோட கேசட்டேதான்!" என்றாள். பின்னாலேயே ஒலிப்பதிவாளர் வந்தார்.

"ஆனா சார், கூடவே ஒரு டிக் வருது. ஒவ்வொரு அடிக்கும். மைக்ல தெளிவா விழுது."

ஏகாம்பரத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

மணி பதினொன்று. ஸ்னேரை எடுத்துவிட்டு வாசித்தேன். டிக். டாம்களை எடுத்தோம். டிக். பெடலுக்கு எண்ணெய் விட்டோம். டிக். பதினொன்று இருபது ஆயிற்று. நிவேதிதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "பரவாயில்ல சார், நீங்க வந்ததே பெரிய விஷயம்" என்றாள். இத்தனை வருஷம் கழித்து வந்தது கையை விட்டுப் போகிறது.

அப்போதுதான் ஏகாம்பரம் மேடை ஏறினார். ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டார்.

"மாஸ்டர், எதையும் தொடாம காத்துலயே வாசிங்க."

குச்சியைக் காற்றில் வீசினேன். மண்டபம் முழுக்க நிசப்தம். டிக், டிக், டிக்.

இந்தத் தடவை எனக்கும் கேட்டது.

ஏகாம்பரம் ஸ்டூலில் வைத்துப் பார்த்தார். என் முட்டியில் வைத்தார். தோளில் வைத்தார். கழுத்தில் வைத்தார். கடைசியில் அந்தச் சில்லென்ற வட்டம் என் கன்னத்தில் வந்து நின்றது.

மூன்று வருஷமாக என் மேல்வரிசை சொந்தப் பல் இல்லை. கஸ்தூரியைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் முறுக்கையே துறந்தேன். வாசிக்கும்போது தாளத்தோடு தாடையை அசைப்பது என் பழக்கம். பல்செட் தளர்ந்து போய், ஒவ்வொரு அடிக்கும் என்னோடு சேர்ந்து அதுவும் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் சலூனில் உட்கார்ந்திருந்தபோது அது ஏன் கேட்கவில்லை என்பது அந்த நொடியில் புரிந்தது. ஒரு பாவமும் அறியாத ரிவெட்டுகளுக்காக அந்த மனிதரை எமன் என்றேன்.

ஏகாம்பரத்துக்கும் புரிந்துவிட்டது. என் கண்ணைப் பார்த்தார். மேடைக்குக் கீழே எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லியிருந்தால் சிரித்துச் சிரித்து மண்டபமே இடிந்திருக்கும். சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அவர் திரும்பி, "மைக் ஸ்டாண்டு லூஸுங்க. லெஃப்டுல கீறது. நானு பாத்துக்கறேன், நீங்கல்லாம் போய் ஒரு டீ குட்சிட்டு வாங்க" என்றார்.

எல்லாரும் வெளியே போனதும் சட்டைப் பையிலிருந்து சலவை செய்த கைக்குட்டையை எடுத்து, விரித்து, என் முன்னால் நீட்டினார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அடுத்த டேக் பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு முடிந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டு வாசித்தேன். கடைசிச் சொட்டு அடங்குவதற்கும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி கொரகொரப்பதற்கும் சரியாக இருந்தது. நிவேதிதா வந்து கையைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னாள். நான் பெரிய ஞானி மாதிரி தலையை மட்டும் அசைத்தேன்.

சாயங்காலம் ஏகாம்பரம் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். நோட்டுத் தாளில் கம்பெனிப் படிவம் மாதிரியே கோடு போட்டிருந்தார். "மேடம் கேட்டாங்கன்னா குடுக்கணுமில்ல" என்றார்.

இடம்: இடது மைக் ஸ்டாண்டு.
காரணம்: திருகு லூஸ்.
செய்தது: இறுக்கப்பட்டது.
கையெழுத்து: பெ. ஏகாம்பரம்.

பொய் ரிப்போர்ட் எழுதாததற்காகப் பின்சீட்டிலேயே உட்கார வைக்கப்பட்ட மனிதர். வாழ்க்கையில் அவர் எழுதிய ஒரே பொய் ரிப்போர்ட் என்னுடைய மேல்வரிசைக்காக. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். இன்னும் பிரிக்காமலே கிடந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தத்தான் முடிந்தது.

பாட்டு வந்துவிட்டது. காலையில் கம்பெனி பஸ்ஸில் போடுகிறார்களாம். அந்தச் சிம்பல் வரும் இடத்தில் ஏகாம்பரம் கண்ணை மூடி ஆறு ரிவெட்டையும் எண்ணிக்கொள்வாராம். நிவேதிதா அந்தத் தாளைக் கேட்கவே இல்லை. அது என் சிம்பல் பெட்டியிலேயே இருந்தது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கையெழுத்து என்னை உறுத்தியது. இந்த வாரம் அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சரியான ரிப்போர்ட் கீழே இருக்கிறது. ஊரே படிக்கட்டும்.

இடம்: என் மேல் தாடை.
காரணம்: பல்செட் லூஸ். கொஞ்சம் வாய்க்கொழுப்பும்.
செய்தது: கழற்றி ஏகாம்பரத்தின் கைக்குட்டையில் வைக்கப்பட்டது.
கையெழுத்து: டிரம்ஸ் தணிகாசலம்.